வெப்பநாட்டிற்கு ஏற்ற சிறு மண்வீடு

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்களுக்கு இன்றியமையாதன என்பர். இவற்றுள் உண்டியைப் பற்றி நாடோறும் சிந்திக்கின்றோம். உடையைப் பற்றி ஆண்டுதோறும் சிந்திக்கின்றோம். உறையுளைப் பற்றியோ பெரும்பாலார் வாழ்நாளில் ஒருமுறையே சிந்திக்கின்றனர். அவ்வொரு முறையிலும் வீட்டின் தோற்றம், அயலவர் மதிப்பு, கடன் தவணை ஆகியன முன்னிற்கின்றன. சித்திரை வெயிலில், பிற்பகல் இரண்டு மணிக்கு, அவ்வீட்டினுள் ஒரு குழந்தை உறங்க முடியுமா என்னும் வினா பின்தள்ளப்பட்டு விடுகின்றது. சமைத்த சோறு பிழைத்தால் மறுவேளை திருத்திக்கொள்ளலாம். கட்டிய வீடு பிழைத்தால் முப்பது ஆண்டுகள் அதனுள் வேர்த்திருத்தல் வேண்டும்.

இது நம் குடாநாட்டில் வெறும் ஏட்டு வினா அன்று. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின், மீளக் குடியேறிய மக்களுக்கு வீடமைக்கும் பணி பெருமளவில் நடைபெற்றது. இந்திய அரசின் உதவியுடன் பயனாளிகள் தாமே கட்டிக்கொண்ட வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி கொண்டன. 2016ஆம் ஆண்டளவில் வடக்கிலும் கிழக்கிலும் 65,000 உருக்கு வீடுகளை அமைக்கும் திட்டமொன்று முன்வைக்கப்பட்டபோது, அவை நம் வெப்பத்துக்கு ஒவ்வாதன என்ற எதிர்ப்பு வலுவாக எழுந்தது. அத்திட்டம் கருதியவாறு நிறைவேறவில்லை. ஆகவே, ஒரு சிறு வீட்டை எப்பொருளால், எவ்வமைப்பிற் கட்டுவது என்பது நம்மவர் பல்லாயிரவரின் வாழ்வைத் தொட்ட வினாவாகும்.

இவ்வினாவுக்கு மண் ஒரு விடையாகுமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். “மண்வீடு குளிர்ச்சி” என்று நாம் எளிதிற் கூறிவிடுகின்றோம். அக்கூற்றுப் பாதி உண்மையே. மண் தானாகக் குளிர்ச்சியைப் பிறப்பிப்பதில்லை. கூரையும் நிழலும் காற்றும் சேர்ந்து தரும் குளிர்ச்சியை மண்சுவர் காத்து வைக்கின்றது. அவை இல்லாவிடத்து வெப்பத்தையும் அவ்வாறே காத்து வைக்கின்றது. இதனை மறவாது வரைந்த மண்வீடு நன்மை தரும். மறந்து வரைந்த மண்வீடு அடுப்பாகும்.

ஞாயிறும் காற்றும்

வீட்டை வரையுமுன் அவ்விடத்து ஞாயிற்றின் போக்கை அறிதல் வேண்டும். சண்டிலிப்பாய் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 9¾ பாகையில் உள்ளது. ஆதலால் ஆண்டில் இருமுறை, ஏப்பிரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும், நண்பகல் ஞாயிறு நம் உச்சிக்கு நேரே நிற்கும். யூன் மாதக் கடைப்பகுதியில் அது உச்சியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 14 பாகை சாயும். திசெம்பரில் தெற்கே ஏறத்தாழ 33 பாகை சாயும்.

இக்கணக்கிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகல் வெயிலைத் தாங்குவது சுவரன்று, கூரையே. இரண்டாவது, வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் வெயிலிலிருந்து காத்தல் எளிது. சுவருக்கு வெளியே மூன்றடி நீண்ட இறப்பு, யூன் மாத நண்பகலில் வடக்குச் சுவரில் 12 அடிவரை நிழல் வீழ்த்தும். எட்டடிச் சுவருக்கு அது மிகப் போதும். மூன்றாவது, கிழக்கையும் மேற்கையும் இறப்பினாற் காத்தல் இயலாது. மார்ச்சு மாதத்தில் பிற்பகல் நான்கு மணிக்கு ஞாயிறு அடிவானிலிருந்து ஏறத்தாழ 30 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது அதே மூன்றடி இறப்பு மேற்குச் சுவரில் இரண்டடிக்குங் குறைந்த நிழலையே தரும். எனவே வீட்டின் நீளம் கிழக்கு மேற்காகவும், அகலம் வடக்குத் தெற்காகவும் அமைதல் வேண்டும். வெயில் தாக்கும் இரு சுவர்களும் குறுகியனவாயிருத்தலே கருத்து.

இனிக் காற்று. தெற்கிலிருந்து வருவது சோழகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையுள்ள வெப்ப மாதங்களில் தென்மேற்குக் காற்றே நமக்கு உயிர்க்காற்று. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொணர்ந்து வடக்கு, கிழக்குச் சுவர்களிற் சாய்வாக அறைகின்றது. ஆகவே கிழக்கு மேற்காக நீண்ட வீடு தெற்கு முகத்தாற் காற்றைப் பெறவும், வடக்கு முகத்தை நீண்ட இறப்பால் மழையிலிருந்து காக்கவும் வாய்ப்புடையது. ஞாயிறு கேட்பதும் காற்றுக் கேட்பதும் நம் ஊரில் ஒன்றேயாதல் நமது நற்பேறு.

மண்சுவர் செய்வதும் செய்யாததும்

மண் கட்டடக் கலையைப் பேசுவோர் எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்தியை (1900–1989) நினையாதிரார். அவர் லக்சர் நகருக்கு அண்மையில், 1940களின் நடுப்பகுதியில், புதிய குர்னா என்னும் ஊரை வெயிலில் உலர்ந்த மண்கல்லால் அமைக்கத் தொடங்கினார். 1964இல் கெய்ரோவில் நடந்த ஒரு சோதனையில் மண்கல் அறையொன்றும் கொங்கிறீற்று அறையொன்றும் ஒப்பிடப்பட்டன. மண்கல் அறையின் வெப்பநிலை ஒரு நாள் முழுவதிலும் இரண்டு பாகை செல்சியஸ் அளவுக்குமேல் மாறவில்லை. கொங்கிறீற்று அறையோ வெளிக்காற்றினும் பல பாகை மிகுந்த வெப்பத்தை அடைந்தது.

இச்சான்றைக் கண்டு, எகிப்தின் தடித்த சுவரையும் சிறு சாளரத்தையும் அப்படியே பெயர்த்து இங்கு நடுதல் தகாது. பாலைநிலத்தில் பகல் கொதிக்கும், இரவு குளிரும். கோடையில் இரண்டுக்கும் இடையே பதினைந்து பாகைக்கு மேற்பட்ட வேறுபாடு உண்டு. தடித்த சுவர் இரவின் குளிரை உண்டு பகலில் உமிழ்கின்றது. நம் குடாநாடோ கடல் சூழ்ந்தது. வெப்ப மாதங்களிற் பகலின் உச்சத்துக்கும் இரவின் தாழ்வுக்கும் இடையே ஐந்தாறு பாகை வேறுபாடே காண்கின்றோம். காற்றும் ஈரம் மிகுந்தது. இங்கு உடல் குளிர்வது வேர்வை உலர்வதனால். வேர்வை உலர்வது காற்று ஓடுவதனால். ஆகவே அடைத்த வீடு எத்துணைத் தடித்த சுவருடையதாயினும் நமக்குப் பயன்படாது.

இன்னுமொன்று கருதத்தக்கது. ஓரடித் தடிப்புள்ள மண்சுவரின் புறத்தே பட்ட வெப்பம் அகத்தே வந்து சேர எட்டு முதற் பத்து மணி நேரம் செல்லும். நிழல் பெறாத மேற்குச் சுவரிற் பிற்பகல் மூன்று மணிக்குப் பட்ட வெயில், நள்ளிரவையொட்டி, நாம் உறங்கும் வேளையில், அறையினுள் வெளிப்படும். அப்போது மண்ணைப் பழிப்பதிற் பயனில்லை. நிழலிலே நிற்கும் மண்சுவர் நண்பன். வெயிலிலே நிற்கும் மண்சுவர் பகைவன்.

எகிப்தினும் நமக்கு அண்மையான ஆசிரியர் திருவனந்தபுரத்தை இருப்பிடமாகக் கொண்டு பணிபுரிந்த லாறி பேக்கர் (1917–2007). உள்ளூர்ப் பொருள், சாய்ந்த கூரை, நீண்ட இறப்பு, காற்றுப் புகும் துளைச்சுவர் என்பன அவர் வலியுறுத்தியவை. மண்ணையும் அவர் பெரிதும் போற்றினார். கேரளத்தின் மழை நம் மழையினும் இருமடங்குக்கு மேற்பட்டது. அம்மழையிலும் தக்க கூரையின்கீழ் மண்சுவர் நிற்குமாயின், இங்கு நிற்றலில் ஐயமில்லை.

முன்னோர் அமைத்த முறை

நம் முன்னோர் மண்வீட்டை நோக்குவோம். நிலத்தினின்றும் உயர்ந்த திண்ணை, மண்சுவர், தாழ்ந்திறங்கிய பனையோலை அல்லது கிடுகுக் கூரை, சாணமிட்டு மெழுகிய தரை. உறங்கும் வீடு வேறு, அடுக்களை வேறு, வந்தாரை இருத்தும் மால் வேறு எனப் பிரிந்து, நடுவே முற்றம் அமைந்திருந்தது. சுவரின் தலைக்கும் கூரைக்கும் இடையே வெளி விட்டனர். சூடான காற்று அவ்வழியே வெளியேறியது. அடுப்பு வெப்பம் உறங்குமிடத்தை அணுகவில்லை. பகலின் பெரும்பகுதியைத் திண்ணையிலும் மரநிழலிலும் கழித்தனர். வீடென்பது நான்கு சுவர் மட்டுமன்று, முற்றமும் மரமும் வேலியும் சேர்ந்த வளவு முழுவதுமே என்பது அவர் கருத்து.

அடுக்களையைத் தென்கிழக்கில், அக்கினி மூலையில், வைக்கும் வழக்கத்தையும் ஆராயலாம். தென்மேற்குக் காற்று வீசுங்கால் அம்மூலையிலிருந்து எழும் புகை வடகிழக்காகச் செல்லும். வடகீழ்க் காற்று வீசுங்கால் தென்மேற்காகச் செல்லும். இரு பருவத்திலும் புகை வீட்டினுட் புகாது விலகுகின்றது. வழக்கம் எக்காரணத்தால் தோன்றியதாயினும், நம் ஊர்க் காற்றோடு அது பொருந்தி நிற்கின்றது.

எனினும் பழமை முழுவதையும் போற்றல் வேண்டா. பழைய மண்குடில்கள் பல இருண்டிருந்தன. தாழ்ந்த வாயிலிற் குனிந்து புகவேண்டியிருந்தது. கறையானும் மாரிக்கால ஈரமும் ஓயாத தொல்லை தந்தன. கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளுவோம்.

ஒரு சிறு வீட்டின் அமைப்பு

தாய் தந்தையரும் இரு பிள்ளைகளும் கொண்ட குடும்பத்துக்கு ஒரு வீட்டை வரைவோம். கிழக்கு மேற்காக 24 அடி நீளமும், வடக்குத் தெற்காக 12 அடி அகலமும் கொண்ட நடுவீடு. அதனை ஓர் இடைச்சுவர் இரண்டு அறையாக்கும். தெற்கே வீட்டின் நீளம் முழுவதும் ஆறடி அகல விறாந்தை. விறாந்தையின் கிழக்கு முனையை அடுத்து, தென்கிழக்கு மூலையில், 10 அடிக்கு 8 அடி அடுக்களை. மொத்தம் 512 சதுர அடி. போருக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளின் அளவோடு ஏறத்தாழ ஒத்தது.

சுவர் ஓரடித் தடிப்பும் எட்டடி உயரமும் உடையதாகுக. வடக்கிலும் தெற்கிலும் ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொரு யன்னல், நேருக்கு நேராக, மூன்றடி அகலமும் நான்கடி உயரமுமாய் அமைக. யன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டடிக்கு மேற்படலாகாது. நாம் பாயிலும் தாழ்ந்த கட்டிலிலும் உறங்குவோர். காற்று நம் தலைக்கு மேலாக ஓடிச் செல்லுமாயின் யாது பயன்? கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் யன்னல் வேண்டா. உச்சியிற் சிறு துளைகள் விட்டாற் போதும். சூடான காற்று வெளியேறும்.

அடுக்களைக்கு மூன்றடி உயர அரைச்சுவரும், அதன்மேற் காற்றுப் புகும் தட்டியும் தகும். அடுப்புக்கு நேரே கூரையிற் புகைபோக்கி வைத்தல் நன்று. விறாந்தை வெறும் அழகுக்கன்று. தெற்குச் சுவருக்கு அது குடை. திசெம்பர் நண்பகலிற் சாய்ந்துவரும் வெயிலும் ஆறடி விறாந்தையைக் கடந்து சுவரைத் தீண்டாது. அதன் ஓரத்துக் குந்தில் அமர்ந்தே பிள்ளைகள் படிக்கவும், பெரியோர் உரையாடவும், நெல்லும் மிளகாயும் காயவைத்துக் காவலிருக்கவும் இயலும்.

மேற்குச் சுவருக்கு நிழல் தருவது மரமே. வேம்பையோ மாவையோ பதினைந்து அடிக்கு அப்பால் நடுதல் வேண்டும். அண்மையில் நட்டால் வேர் அத்திவாரத்தைத் தாக்கும். தென்மேற்கில் அடிமரம் உயர்ந்த தென்னையும் பனையும் நிற்பது நலம். தலையில் நிழலும் அடியிற் காற்றும் கிடைக்கும். வீட்டை நெருங்கி எழுப்பிய உயர்ந்த மதில் காற்றையும் தடுக்கும், வெப்பத்தையும் வீட்டின்மேற் திருப்பும். கிளுவையும் பூவரசும் கொண்ட உயிர்வேலி காற்றை வடிகட்டி விடும்.

மண்ணைத் தேர்தல்

மண்ணெல்லாம் சுவருக்கு ஆகாது. மணல் மிகுந்தால் உதிரும். களி மிகுந்தால் வெடிக்கும். பாதிக்கு மேற்பட்ட மணலும், ஐந்திலொரு பங்களவு களியும், எஞ்சியது வண்டலுமாக அமைந்த மண் நல்லது. வலிகாமத்தின் மேட்டு நிலச் செம்மண் பல இடங்களில் இதற்கு ஏற்றது. வழுக்கையாற்றை அடுத்த வயற்றாழ்வுகளின் களிமண்ணுக்கு மணல் கூட்டுதல் வேண்டும். கடனீரேரியை அடுத்த உவர்மண்ணை முற்றாக விலக்குதல் வேண்டும். அதிலுள்ள உப்பு உலர்ந்து படிகமாகிச் சுவரின் முகத்தை உதிர்த்துவிடும்.

சோதிப்பதற்கு ஆய்வுகூடம் வேண்டா. கண்ணாடிப் போத்தலொன்றின் மூன்றிலொரு பங்கை மண்ணால் நிரப்பி, நீர் பெய்து, சிட்டிகை உப்பிட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் முதலிற் படியும். அதன்மேல் வண்டல் படியும். களி இறுதியிற் படியும். மறுநாள் அடுக்குகளை அளந்தால் மண்ணின் இயல்பு தெரியும். பின்னர், இரண்டடி நீளமும் ஒன்றரை அங்குல அகலமும் ஆழமும் உள்ள மரப்பெட்டியில் ஈரமண்ணை அழுத்தி நிரப்பி நிழலில் உலரவிடுங்கள். உலர்ந்தபின் நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு மேற் சுருங்கியிருப்பின் மணல் சேர்த்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

மேலே வரைந்த வீட்டுக்கு எவ்வளவு மண் செல்லும்? கதவு யன்னல்களைக் கழித்துச் சுவரின் கனவளவு ஏறத்தாழ 580 கன அடி. அழுத்தத்துக்கும் சேதத்துக்கும் இடம்விட்டு 700 கன அடி மண் வேண்டும். அது 20 அடி நீளமும் 12 அடி அகலமும் 3 அடி ஆழமும் உள்ள குழியின் மண்ணாகும். இங்கு ஓர் எச்சரிக்கை. நம் மண் சுண்ணக்கல்லின்மேல் மெல்லிய போர்வையாகக் கிடப்பது. அதுவே தோட்டக்காரரின் செல்வம். மேல்மண் ஓரடியை ஒதுக்கிவைத்து, அடிமண்ணையே சுவருக்கு எடுத்தல் வேண்டும். ஒதுக்கிய மேல்மண்ணை வாழைக்கும் கறித்தோட்டத்துக்கும் இடலாம்.

கல் அரியும் முறையில் இரு வழி உண்டு. மரஅச்சிற் குழைமண்ணை இட்டு வெயிலில் உலர்த்துவது பழைய வழி. சிறிதளவு சீமெந்து கலந்த ஈரமண்ணைப் பொறியில் வைத்து அழுத்துவது புதிய வழி. கையால் இயக்கும் அத்தகைய பொறியைச் சிலி நாட்டு இராவுல் இராமிரேசு என்னும் பொறியியலாளர் 1950களில் கொலொம்பியாவில் அமைத்தார்; அதன் வழிவந்த பொறிகள் உலகெங்கும் பரவின. நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு சீமெந்து சேர்த்து, நான்கு கிழமை ஈரங்காத்து முற்றவிட்ட கல் மழைக்கு எளிதிற் கரையாது. இலங்கையில் இக்கல்லுக்கு 2009ஆம் ஆண்டில் ‘எஸ்.எல்.எஸ். 1382’ என்னும் தேசிய நியமமும் வகுக்கப்பட்டது. செலவைச் சுருக்க விரும்புவோர் யன்னல் அடிவிளிம்பு வரையுள்ள கீழ்வரிசைகளுக்கு அழுத்திய கல்லையும், மேல்வரிசைகளுக்கு வெயிற்கல்லையும் பயன்படுத்தலாம்.

கூரை

கூரையே இவ்வீட்டின் உயிர்நிலை. உச்சி வெயிலில் ஒவ்வொரு சதுர மீற்றர் கூரையிலும் ஏறத்தாழ 1,000 வாற்று வெப்பம் பொழிகின்றது. தகரமும் அஸ்பெஸ்ரோஸ் சீற்றும் அதனை உடனே கீழே கதிர்வீசும். அஸ்பெஸ்ரோஸ் தூசி நுரையீரலுக்குப் பெருந்தீங்கு செய்வதும் அறிந்ததே. மெல்லிய கொங்கிறீற்றுத் தட்டோ பகலெல்லாம் வெப்பத்தை உண்டு, மாலை தொடங்கி இரவு முழுவதும் உமிழும். பனையோலையும் கிடுகும் தம்முள்ளே காற்றைப் பொதிந்து வைத்திருத்தலால் வெப்பத்தைத் தடுப்பதில் நிகரற்றவை. ஆயின் கிடுகை ஆண்டுதோறும் மாற்றுதல் வேண்டும்; பனையோலை அதனினும் நெடுநாள் நிற்கும். நெருப்புக்கு அஞ்சுதலும், வேய்வோரைத் தேடுதலும் இரண்டுக்கும் பொது.

நடுத்தர வழி ஓட்டுக் கூரை. ஓட்டுக்குக் கீழே ஓலைத்தட்டியையோ பாயையோ பரப்பி, இரண்டுக்கும் இடையே ஆறு அங்குல வெளி விட்டு, அவ்வெளியின் இரு முனையையும் காற்றோடத் திறந்து வைத்தால் ஓட்டின் வெப்பம் அறையை அணுகாது. வசதியின்மையாற் தகரமே போடுவோரும் மேற்புறத்தில் வெண்சுண்ணாம்பு பூசி, கீழே அத்தட்டியை அமைத்துக்கொள்ளலாம். செலவு சிறிது, பயன் பெரிது.

கூரை மரத்துக்கு வைரமேறிய முதிர்ந்த பனையினும் சிறந்தது அரிது. போர்க்காலத்திற் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாக எண்ணற்ற பனைகள் வெட்டப்பட்டன. ஆதலின் ஒரு பனையைத் தறிப்போர் பல பனை விதைத்தலைக் கடனாகக் கொள்ளல் வேண்டும். கைமரங்களைச் சுவரின் தலைமேலுள்ள வளையோடும், வளையைத் தூண்களோடும் இரும்புப் பட்டியாற் பிணித்தல் இன்றியமையாதது. 1964ஆம் ஆண்டு திசெம்பர்ப் புயலையும், 2008ஆம் ஆண்டு நவம்பரில் வந்த நிசாப் புயலின் வெள்ளத்தையும் அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நீரும் கறையானும்

மண்சுவருக்கு நீர் மூவழியால் வரும்: மேலிருந்து மழையாக, பக்கத்திலிருந்து தெறிப்பாக, கீழிருந்து ஊறும் ஈரமாக. மேலிருந்து வருவதை இறப்புத் தடுக்கும். மற்றிரண்டையும் தடுப்பது அடித்தளமே. சுண்ணக்கல்லையும் சீமெந்துச் சாந்தையும் கொண்டு நிலத்துக்கு மேல் இரண்டடி உயர அடித்தளம் எழுப்பி, அதன் தலையில் நீர் ஊறாத சாந்துப் படையொன்று இட்டபின்னரே மண்சுவரைத் தொடங்குதல் வேண்டும். அப்படை கறையான் மறைந்து ஏறுவதையும் ஓரளவு தடுக்கும். அடித்தளத்தை மறைத்து விறகையும் ஓலையையும் அடுக்கிவைத்தல் கறையானுக்கு ஏணி வைத்தலாகும்.

நம் ஊரின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர். இவ்வீட்டின் கூரை, இறப்புகளோடு சேர்ந்து, ஏறத்தாழ 720 சதுர அடி நிலத்தை மூடும். ஆகவே ஓராண்டிற் கூரையில் விழும் நீர் 80,000 இலீற்றர். அது சுவரடியில் வீழ்ந்து தேங்கினால் வீட்டை அழிக்கும். பீலி வைத்து அப்பாற் கொண்டுசென்றால் நிலத்தை வாழ்விக்கும். மண் எடுத்த குழியை வீட்டுக்குத் தொலைவில் அமைத்து, பிள்ளைகள் விழாதவாறு வேலியிட்டு, இந்நீரை அதனுள் விட்டால் அது ஊறி நம் கிணறுகளை வளப்படுத்தும்.

மண்சுவருக்குச் சீமெந்துப் பூச்சுப் பூசுதல் பெரும் பிழை. அது ஈரத்தை உள்ளே சிறைவைத்து, வெடித்து, மண்ணையும் பற்றிக்கொண்டு விழும். மண்ணும் மணலும் சாணமும் கலந்த சாந்தைப் பூசி, அதன்மேற் சுண்ணாம்பு தீற்றுதலே தக்கது. அது சுவரை மூச்சுவிட வைக்கும்.

மாரியில் வெள்ளம் நின்று வடியும் தாழ்நிலத்தில் மண்வீடு கட்டலாகாது என்பதையும் தெளிவாகக் கூறிவிடுகின்றோம். நீரில் நின்ற மண்சுவர் மீண்டும் மண்ணாகும்.

கட்டும் காலம்

தைப்பொங்கல் கழிந்து மழை ஓய்ந்தபின் அத்திவாரம் இடுக. அடுத்துத் தூண்களை நட்டுக் கூரையை முதலில் முடித்துவிடுக. கூரையைத் தூண் தாங்க, அதன் நிழலிற் சுவரை எழுப்புதலால் இரு நன்மை உண்டு: சுவர் வெயிலிற் கடிதில் உலர்ந்து வெடிக்காது, எதிர்பாராத மழைக்கும் அஞ்சவேண்டுவதில்லை. பொறியில் அழுத்திய கல்லாயினும் வெயிற்கல்லாயினும் மாசி, பங்குனி, சித்திரையில் அரிந்து முற்றவிட்டு, ஆனிக்குள் சுவரெழுப்பி, ஆவணிக்குட் பூச்சை முடித்தால், ஐப்பசி மழை வருமுன் வீடு நன்றாக உலர்ந்துவிடும். பிரதேச சபையின் அனுமதியை முன்னரே பெறுதலும், உதவித்திட்டம் பெறுவோர் அதன் விதிகளை முதலில் அறிதலும் அறிவுடைமை.

மண்ணும் மதிப்பும்

இறுதியாக, கணக்கிற்கு அகப்படாத ஒன்றைப் பற்றிப் பேசவேண்டியுள்ளது. மண்வீடு என்றதும் நம்மவர் பலர் முகஞ்சுளிப்பர். அவர்களை நகைத்தல் தகாது. முற்காலத்தில் மண்குடிலில் வாழ்ந்தோர் அதன் குளிர்ச்சியை விரும்பி வாழ்ந்தாரல்லர். வறுமையாலும், சாதியின் பேரால் இழைக்கப்பட்ட ஒடுக்குமுறையாலும் வேறுவழியின்றி வாழ்ந்தோர் பலர். கல்வீடு அவர்களுக்கு விடுதலையின் சின்னமாயிற்று. அத்தகையோரிடம் சென்று, கல்வீட்டில் இருந்துகொண்டே “மண்வீடு உமக்கு நல்லது” என்று உபதேசித்தல் அறமன்று. ஏழைக்கு மண், செல்வருக்குச் சீமெந்து என்பது இக்கட்டுரையின் கொள்கையன்று. ஆசிரியரும் பொறியியலாளரும் வெளிநாட்டிலிருந்து மீண்டு வீடு கட்டுவோரும் முதலில் இதனைக் கட்டிக் காட்டுவாராக. மதிப்பு அப்போது தானே வரும்.

மண்வீட்டுக்கு ஆண்டுதோறும் பேணல் வேண்டும் என்பதும் உண்மை. மெழுகும் கை பெரும்பாலும் பெண்ணின் கையாகவே இருந்து வந்தது. அவ்வுழைப்பைக் கணக்கிற் கொள்ளாது மண்வீட்டைப் புகழ்தல் நேர்மையாகாது. தரையைச் சீமெந்தால் முடித்து, கீழ்வரிசைகளை அழுத்திய கல்லால் அமைத்து, மாரி கழிந்தபின் ஆண்டுக்கொருமுறை வீட்டார் எல்லோரும் கூடிச் சுவரைச் செப்பனிட்டுச் சுண்ணாம்பு தீற்றினால் அச்சுமை பெரிதும் குறையும்.

இம்மலரைப் படிக்கும் சண்டிலிப்பாய் இந்துக் கல்லூரி மாணவர்க்கு ஒரு பணி. ஓட்டு வீடு ஒன்று, சீற் வீடு ஒன்று, கொங்கிறீற்றுத் தட்டு வீடு ஒன்று, ஓலைக் கொட்டில் ஒன்று என நான்கைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். மரநிழலில் ஒன்றை வெளியே தொங்கவிடுங்கள். காலை ஆறு மணி, பிற்பகல் இரண்டு மணி, இரவு ஒன்பது மணி என நாளொன்றுக்கு மும்முறை, தை முதல் மார்கழி வரை ஓராண்டு குறித்துவையுங்கள். யன்னல் திறந்திருந்ததா, காற்று எத்திசையிலிருந்து வீசியது என்பவற்றையும் உடன் எழுதுங்கள். செலவு சில வெப்பமானிகளும் ஒரு கொப்பியுமே. அக்கொப்பி நிறையும்போது, வீடு கட்டப் புகும் உங்கள் ஊரவர் எவருக்கும் ஊகத்தையன்றி அளவையே எடுத்துக் கூற வல்லவராவீர்கள்.